உப்புக் காற்று நெஞ்சுக்கு நல்லதாம்!

"கடற்காற்று உடம்புக்கு நல்லது. உப்புக் காற்று நெஞ்சுக் கபத்தை அறுத்துவிடும். உப்பளத்தில் நிற்கிறவனுக்கு ஆஸ்துமா வருமா?" இப்படி ஒரு பேச்சு நெடுங்காலமாக நடமாடுகிறது. கரையில் நின்று காற்று வாங்குகிறவர்கள் பேசும் பேச்சு இது. பாத்தியில் இறங்கி உப்பு வாருகிறவர்கள் பேசும் பேச்சல்ல.

இந்தப் பேச்சை வைத்து இன்று ஒரு வியாபாரமே நடக்கிறது. பெரிய நகரங்களில் சுவருக்கு உப்பு பூசி, குளிர்ச்சி செய்த அறையில் சாய்வு நாற்காலி போட்டு, உப்புத் தூளை ஊதி விடுகிறார்கள். அந்த அறையில் முக்கால் மணி நேரம் படுத்துக் கிடக்கப் பணம் வாங்குகிறார்கள். போலந்து நாட்டு வியலிச்கா உப்புச் சுரங்கத்தில் 19-ம் நூற்றாண்டில் ஒரு டாக்டர் தொடங்கிவைத்த வைத்தியத்தின் பேரன் இது.

மரக்காணத்து உப்பளத் தொழிலாளி இந்த "வைத்தியத்தை" காலை முதல் உச்சி வெயில் வரை பெறுகிறான். அவன் மனைவியும் பெறுகிறாள். ஒரு காசு கட்டணம் இல்லை! அப்படியானால் நாட்டிலேயே பலமான நெஞ்சு அவர்களுடையதாக அல்லவா இருக்க வேண்டும்? கூடை சுமந்து வரப்பில் ஏறும்போது மூச்சு இரைப்பது ஏன்? இரவு முழுவதும் குடிசைக்குள் இருமல் கேட்பது ஏன்?

கேள்வி கேட்போம், தோழர்களே! பதிலையும் நாமே தேடுவோம்.

அளத்தைப் பார்

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரில் போகிறவர்கள் மரக்காணம் அருகே வண்டியை நிறுத்திப் படம் பிடிக்கிறார்கள். வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள்! கண்ணாடி போன்ற பாத்திகள்! ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கழுவெளி. வடக்கேயிருந்து வரும் பக்கிங்காம் கால்வாய் முடிவதும் இங்கேதான்.

படம் அழகாகத்தான் இருக்கும். படத்திற்குள் நிற்கிறவனை உற்றுப் பார்க்க வேண்டும். ஜனவரியில் பாத்தியைச் செதுக்கி, மண்ணை மிதித்துக் கெட்டிப்படுத்துகிறான். உவர் நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றி, வெயிலில் சுண்டவைத்து, உப்புப் பூத்ததும் பலகையால் வாருகிறான். தலைச்சுமையாகக் கரைக்குக் கொண்டுபோய்க் குவிக்கிறான். பாதத்தில் வெடிப்பு, வெடிப்பில் உப்பு. மேலே சூரியன், கீழே உப்பின் வெண்மை அதே சூரியனைத் திருப்பி முகத்தில் அடிக்கிறது. செப்டம்பர் வரை இதே கதி. அக்டோபரில் மழை இறங்கினால் பாத்தி கரையும், கூலியும் கரையும்.

அந்த மூன்று மாதத்துக்கு நிவாரணம் என்று தமிழக சர்க்கார் 2022 முதல் குடும்பத்துக்கு ரூ.5,000 தருகிறது. போராடிக் கேட்டதற்குக் கிடைத்த பலன். வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் வகுத்துப் பாருங்கள்: நாளொன்றுக்கு ரூ.55 கூட ஆகவில்லை. அது ஆளுக்கு அல்ல, குடும்பத்துக்கு! இந்தக் கணக்கை மனதில் வையுங்கள். நெஞ்சு நோயின் கதை இந்தக் கணக்கில்தான் ஆரம்பமாகிறது.

பொய் எது, மெய் எது?

நாம் மிகைப்படுத்திப் பேச வேண்டியதில்லை. உண்மையே போதுமான அளவு கசப்பாக இருக்கிறது.

கல் உடைக்கிறவனின் நெஞ்சில் படியும் சிலிக்காத் தூள் கரைவதில்லை. அது அங்கேயே தங்கி, நுரையீரலைத் தழும்பாக்கி, ஆளைக் கொல்கிறது. உப்பு அப்படியல்ல, ஈரத்தில் கரைந்துவிடும். ஆகவே கல் தூள் செய்வதை உப்புத் தூள் அப்படியே செய்கிறது என்று சொன்னால் அது தவறு. உப்பு நீரை ஆவியாக்கி உள்ளிழுக்கச் செய்யும் சிகிச்சை சில நோய்களுக்கு ஆஸ்பத்திரியில் உண்டு என்பதும் நிஜம். ஆனால் அது டாக்டர் அளந்து, நேரம் குறித்துக் கொடுப்பது. உப்பு அறை வியாபாரிகள் சொல்வது போல ஆஸ்துமாவை அது தீர்க்கும் என்பதற்கு உறுதியான சான்று மருத்துவ விஞ்ஞானத்தில் இல்லை.

கரைந்துவிடுகிறது என்பதால் தீங்கில்லை என்று ஆகிவிடுமா? பாத்தியில் உப்பு ஈரமாக இருக்கும்வரை தூள் குறைவு. குவியல் காய்ந்து, காற்றடிக்கும்போது அதை அள்ளி மூட்டை பிடித்து லாரியில் ஏற்றும் வேலை இருக்கிறதே, அங்கே தூள் பறக்கிறது. அரவைக் கொட்டகையிலும் பாக்கெட் போடும் கொட்டகையிலும் அதைவிட அதிகம். அயோடின் கலக்காத உப்பை ஜனங்கள் உண்பதற்கு விற்கக் கூடாது என்று 2006-ல் மீண்டும் தடை வந்தது. உப்பை அரைத்து, மருந்து கலந்து, பை பையாக அடைக்கும் வேலை இன்று இந்தத் தொழிலில் பெரும் பகுதி. அந்த வேலையில் பெண்களே அதிகம். முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். தூள் மூக்கை அரிக்கிறது, தொண்டையை அறுக்கிறது, கண்ணைக் கரிக்கிறது. முன்பே இரைப்பு உள்ளவர்களுக்கு அதை மேலும் கிளப்பி விடுகிறது.

நெஞ்சோடு நிற்கவில்லை. ராஜஸ்தானத்து உப்பளங்களில் ஜோத்பூர் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தார் ஆய்வு செய்து 2005-ல் முடிவை வெளியிட்டார்கள். அரவை ஆலைக்கு அருகே உப்புத் தூளைச் சுவாசித்து வேலை செய்கிறவர்களுக்கு ரத்த அழுத்தம் மற்றவர்களைவிட உயர்ந்திருந்தது. அதே தொழிலாளிகளுக்கு முகமூடியும் கண்ணாடியும் கொடுத்தார்கள். சில நாட்களிலேயே ரத்த அழுத்தம் இறங்கியது!

தோழர்களே, இதைக் கவனியுங்கள். கோடி ரூபாய் இயந்திரம் கேட்கவில்லை. முகத்துக்கு ஒரு மூடி, கண்ணுக்கு ஒரு கண்ணாடி! உப்பு மூட்டையின் விலையில் அது எத்தனை காசு? அந்தக் காசைக் கொடுக்க மனமில்லாதவர்கள் "உப்புக் காற்று நெஞ்சுக்கு நல்லது" என்று வைத்தியம் பேச வருகிறார்கள்!

பீடிதான் காரணமா?

அடுத்தபடியாக ஒரு பழைய பல்லவி வரும். "பீடி குடிக்கிறான், சாராயம் குடிக்கிறான், இருமாமல் என்ன செய்வான்?"

பீடி கெடுதல்தான். நாம் ஒளிக்கவில்லை. பீடியை விட்டொழிக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழிலாளிக்கும் சொல்லுகிறோம். ஆனால் ஆயுளில் ஒரு பீடி தொடாத நம் தாய்மார்கள் ஏன் இருமுகிறார்கள்? அடுப்பில் எரிவது வேலிக்காத்தான் விறகு. கூரை தாழ்ந்த குடிசை. புகை போக வழியில்லை. மூலையில் சிலிண்டர் இருக்கும். அதை நிரப்பக் காசு இருக்காது. விறகுப் புகையை ஆண்டுக்கணக்கில் சுவாசிக்கும் பெண்களுக்குப் பீடிக்காரனுக்கு வருவது போன்ற நுரையீரல் அடைப்பு வரும் என்பது இன்று எல்லா டாக்டர்களும் அறிந்த உண்மை. பகலில் உப்புத் தூள், மாலையில் அடுப்புப் புகை. இந்த இரண்டுக்கும் நடுவே அவள் எந்தப் பீடியைக் குடித்தாள்?

சாராயத்தைப் பற்றியும் சொல்வோம். 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த விஷச் சாராயம் பத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. மந்திரிகள் ஓடி வந்தார்கள். முதல் மந்திரியே முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்கு வந்தார். இறந்தவர் குடும்பத்துக்கு ரூ.10 லட்சம் என்று அறிவித்தார்கள். ஒரே நாளில் பல பிணங்கள் விழுந்தால் சர்க்காருக்குக் கண் திறக்கிறது. அதே கரையில் ஒருவர் பின் ஒருவராக, இருமி இருமி, பத்து வருஷத்தில் சாகிறவர்களுக்கு யார் வருகிறார்கள்? மெதுவாகச் சாகிறவன் செய்தியும் ஆவதில்லை, கணக்கும் ஆவதில்லை.

கணக்கு என்றதும் இன்னொன்று. கழுவெளியை 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். நல்ல காரியம். வலசை வரும் பறவைகளை எண்ணுகிறார்கள். எத்தனை வகை, எத்தனை ஆயிரம் என்று பட்டியல் போடுகிறார்கள். அதுவும் நல்ல காரியமே. அந்தத் தூரதரிசினிக் கண்ணாடியைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்கள், ஐயா! பாத்தியில் நிற்கும் மனிதப் பிறவியின் மூச்சையும் எண்ணுங்கள். எத்தனை பேரை ஊதிப் பார்க்கும் கருவியில் ஊதச் சொன்னீர்கள்? எத்தனை நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுத்தீர்கள்? பஞ்சாயத்து ஆபீஸ் பலகையில் அந்த எண்ணை எழுதி ஒட்டுங்கள்!

காசமும் கஞ்சியும்

ஏழையின் நெஞ்சுக்கு முதல் எதிரி காசநோய். இது கிருமியால் வருவது. இருமல் வழியாகக் காற்றில் பரவுவது. ஆனால் கிருமி புகுந்த எல்லோருக்கும் நோய் வருவதில்லை. வயிறு காய்ந்தவன் உடம்பில்தான் அது சுலபமாகத் தலைதூக்குகிறது.

இந்த விஷயத்தில் தமிழ்நாட்டு ஏழைகளுக்கு உலகம் கடன்பட்டிருக்கிறது. 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் ஒரு ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். சென்னைச் சேரிகளைச் சேர்ந்த நோயாளிகளில் ஒரு பகுதியினருக்குச் சானடோரியத்தில் படுக்கை, ஓய்வு, நல்ல சாப்பாடு. மற்றவர்களுக்கு அவரவர் குடிசையிலேயே மருந்து. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் இரு சாராரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமாகியிருந்தார்கள்! 1959-ல் முடிவு வெளியாயிற்று. உலகம் முழுவதும் காசநோய் வைத்தியம் மாறியது. படுக்கை கிடைக்காத கோடிக்கணக்கான ஏழைகளுக்கு வீட்டிலேயே உயிர் கிடைத்தது. மகத்தான சாதனை!

ஆனால் ஆளும் வர்க்கம் அதில் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டது. "மருந்து போதும், சோறு பிறகு பார்க்கலாம்" என்பதே அது எடுத்துக்கொண்ட பாடம். மாத்திரை கிருமியைக் கொல்லும் என்பது சத்தியம். அந்தக் குடிசையில் இன்னொருவர் நோயில் விழாமல் தடுப்பது எது?

அதற்கும் இன்று பதில் வந்துவிட்டது. ஜார்க்கண்டில் 2019 முதல் நடந்த ஒரு பெரிய ஆய்வு. அதே சென்னை நிலையமும் அதில் பங்கு கொண்டது. காசநோயாளிகளின் வீட்டில் உள்ளவர்களுக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். முடிவு 2023-ல் வெளிவந்தது. அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. பிறருக்குத் தொற்றக்கூடிய நெஞ்சுக் காசம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. அரிசியும் பருப்பும், தோழர்களே! இதைக் கண்டுபிடிக்க எவரும் சந்திரனுக்குப் போக வேண்டியிருக்கவில்லை!

சர்க்கார் என்ன தருகிறது? காசநோயாளிக்கு ஊட்டச்சத்துக்கென்று 2018-ல் மாதம் ரூ.500, 2024 நவம்பர் முதல் ரூ.1,000. நாளுக்கு ரூ.33. சிகிச்சை ஆறு மாதம். உப்புப் பருவமோ ஒன்பது மாதம். பருவத்தில் நோயில் விழுந்தவன் கூலியை விட்டுவிட்டுப் படுத்தால் அவன் பிள்ளைகள் எதைத் தின்னும்? ஆகவே இரண்டு மாதம் மருந்து தின்று, இருமல் குறைந்ததும், பலகையைத் தூக்கிக்கொண்டு பாத்திக்குப் போகிறான். பாதியில் விட்ட மருந்துக்கு நோய் அடங்குவதில்லை. மருந்துக்கே கட்டுப்படாத நோயாகவும் மாறலாம். பிறகு "படிப்பறிவில்லாதவன், மருந்தை ஒழுங்காகச் சாப்பிடவில்லை" என்று எழுதுகிறார்கள்! அறிவு இல்லாமல் அல்ல, அரிசி இல்லாமல்!

1961-ல் கிடைத்த தீர்ப்பு எங்கே?

"பாவம், இது கூரையில்லாத வேலை. இதற்குச் சட்டம் ஏது?" என்பார்கள். பொய்! சட்டம் இருந்தது.

பம்பாய்ப் பக்கத்தில் அர்தேஷிர் பிவண்டிவாலா என்ற உப்பள முதலாளி மீது, லைசென்ஸ் இல்லாமல் தொழிற்சாலை நடத்தினார் என்று வழக்கு வந்தது. அவர் சுப்ரீம் கோர்ட்டு வரை போனார். அவருடைய வாதம் என்ன? வெட்ட வெளி நிலம் தொழிற்சாலை ஆகாது. உப்பை உண்டாக்குவது சூரியன்! 1961-ல் கோர்ட்டு அதை ஏற்கவில்லை. திறந்த வெளியும் தொழிற்சாலை இடமே. கடல் நீர் தானாக விற்பனை உப்பாகிவிடுவதில்லை, மனித உழைப்பு அதை உப்பாக்குகிறது. ஆகவே உப்பளத்துக்கும் 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது.

தீர்ப்பு வந்து 60 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இந்தக் கரையில் உப்பு வாரும் ஒரு கிழவரையோ கிழவியையோ கேளுங்கள்: உங்கள் பாத்தி வரப்பில் தொழிற்சாலை இன்ஸ்பெக்டரை எத்தனை முறை பார்த்தீர்கள்?

சட்டத்துக்கு ஓட்டையும் உண்டு. அளங்களைத் துண்டு துண்டாகக் குத்தகைக்கு எடுத்து, ஒவ்வொரு துண்டிலும் சில ஆட்களைக் காட்டினால் தொழிற்சாலை என்ற கணக்கில் வராது. சிறு குத்தகைதாரர் பலர் தாங்களே வியாபாரியின் முன்பணத்தில் சிக்கியவர்கள். அவர்கள் மீது நமக்குப் பகையில்லை. மேலே உட்கார்ந்து விலை வைக்கிறவனையும், கண்ணை மூடிக்கொள்ளும் சர்க்காரையும்தான் கேட்கிறோம். ஓட்டையை அடைக்கச் சொன்னால் டில்லி சர்க்கார் என்ன செய்தது? 2020-ல் நிறைவேற்றி, 2025 நவம்பர் 21-ல் அமலுக்குக் கொண்டுவந்த புதிய சட்டத் தொகுப்பில் ஓட்டையைப் பெரிதாக்கியது! முன்பு விசை உள்ள இடத்தில் 10 பேர், விசை இல்லாத இடத்தில் 20 பேர் இருந்தால் தொழிற்சாலை. இப்போது அது 20, 40 ஆயிற்று. இ.எஸ்.ஐ. பாதுகாப்பைப் பற்றிக் கேட்டால், பருவத் தொழிற்சாலைகளை 1948 சட்டமும் வெளியே நிறுத்தியது. புதிய தொகுப்பும் வெளியே நிறுத்துகிறது. பருவத்துக்கு மட்டும் உழைக்கிறவனுக்கு நெஞ்சும் பருவத்துக்கு மட்டுந்தானா?

40 வயதுக்கு மேற்பட்ட தொழிலாளருக்கு வருஷா வருஷம் இலவச உடற்பரிசோதனை என்று அதே டில்லி சர்க்கார் பறையறைந்தது. நல்லது! அந்தப் பறை மரக்காணத்து வரப்பில் எப்போது கேட்கும்?

மில்லும் வயலும் அளமும்

மில் தொழிலாளத் தோழனே! இது உனக்குச் சம்பந்தமில்லாத கதை என்று நினைக்காதே. புளோரூமிலும் கார்டிங்கிலும் பறக்கும் பஞ்சுத் தூளை நீ அறிவாய். விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் திங்கட்கிழமையில் நெஞ்சு இறுகுவதை அறிவாய். அதற்குப் பிசினோசிஸ் என்று பெயர். அதையும் ஒரு காலத்தில் "சளி" என்றும் "பீடி இருமல்" என்றும்தான் சொன்னார்கள். இன்று அது சட்டத்தின் தொழில் நோய்ப் பட்டியலில், சிலிக்கோசிஸுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பட்டியலில் இருந்தும் எத்தனை பேருக்கு நஷ்டஈடு வந்தது என்பதை நீயே சொல்வாய்!

வயல் தொழிலாளத் தோழனே! மழை மாதத்தில் அளத்தை விட்டு உன் வயலுக்கு நாற்று நட வருகிறவர்களில் இந்த உப்பளத்துச் சகோதரிகளும் உண்டு. போரடிக்கும் தூளிலும் பூச்சி மருந்துப் புகையிலும் உன் நெஞ்சும் நனைகிறது. ஒரே கூலி உலகத்தின் மூன்று மூலைகள் நாம்.

மரக்காணத்துக்குத் தெற்கே கூப்பிடு தூரத்தில்தான் புதுச்சேரி. 1936 ஜூலை 30-ல் அங்கே மில் தொழிலாளிகள் மீது பிரெஞ்சு ஏகாதிபத்தியத்தின் துப்பாக்கி சுட்டது. 12 பேர் மாண்டார்கள். அந்த ரத்தத்தின் விலையாகத்தான் அங்கே எட்டு மணி வேலை சட்டமாயிற்று. சட்டம் புத்தகத்திலிருந்து தானாக நடந்து வருவதில்லை, தோழர்களே. சங்கம் கையைப் பிடித்து இழுத்து வந்தால்தான் வருகிறது.

நாம் கேட்பது

ஆள் எண்ணிக்கையைச் சாக்குச் சொல்லாமல் எல்லா உப்பளங்களையும் அரவைக் கொட்டகைகளையும் தொழிற்சாலையாகக் கருதிச் சோதனையிடு!

அரவை இயந்திரத்துக்கு மூடி போடு. தூளை உறிஞ்சும் காற்றாடி வை. முகமூடியும் கண்ணாடியும் முதலாளி செலவில் கொடு!

பருவம் தொடங்கும்போதும் முடியும்போதும் அளத்துக்கே வண்டி கொண்டுவந்து சளிப் பரிசோதனை, எக்ஸ்ரே, ஊதும் சோதனை நடத்து. முடிவைத் தொழிலாளியின் கையிலேயே எழுதிக் கொடு!

காசநோய் கண்டவனுக்கு ஆறு மாதக் கூலியில் ஈடு கொடு; அவன் வீட்டில் உள்ள எல்லோருக்கும் அரிசியும் பருப்பும் கொடு!

பருவத் தொழிலாளிக்கும் இ.எஸ்.ஐ. கொடு! மழைக்கால நிவாரணத்தை, மூன்று மாதமும் அடுப்பெரியும் அளவுக்கு உயர்த்து!

இவை கிடைக்கும் வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால், சளியில் ரத்தம் கண்டால், மாலையில் காய்ச்சல் அடித்தால், வெட்கப்படாதே. சர்க்கார் ஆஸ்பத்திரியில் சளியைச் சோதிக்கச் சொல். மருந்து இலவசம். குணமான மாதிரி தெரிந்தாலும் டாக்டர் சொன்ன கடைசி நாள் வரை தின்று முடி. வேலைக்குப் போக முடியாத தோழனின் வீட்டில் அடுப்பெரிகிறதா என்று சங்கம் போய்ப் பார்க்கட்டும்.

உப்புக் காற்று நெஞ்சுக்கு நல்லதென்று சொல்லுகிறவர்களுக்கு ஓர் அழைப்பு: உப்பு அறைக்குக் கொடுக்கும் பணம் மிச்சம், ஒரு பருவம் மரக்காணத்துக்கு வாருங்கள். பலகை தருகிறோம். கூடை தருகிறோம். காற்று இலவசம்!

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நம் ஜனங்களின் வாக்கு. இந்த நாட்டின் ஒவ்வொரு சோற்றிலும் உப்பிட்டவர் யார்? அவருடைய மூச்சு அடங்குமுன் நினைக்கட்டும் நாடு. நினைக்காவிட்டால், ஒன்றுபட்டு நின்று நினைவூட்டுவோம்!